காலையில் நான் எடுக்காத மந்திரம்

பெரம்பலூரில் எங்கள் ஹாஸ்டல் கேட்டை ஞாயிற்றுக்கிழமை திறக்கவே மாட்டார்கள். லப்பைக்குடிக்காட்டு ரஹ்மத்தின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கதை விளையாட்டுதான் எங்களுக்கு ஒரே போக்கிடம். ரஹ்மத் கதையை நடத்துவாள். நாங்கள் அந்தக் கதையில் வரும் ஆட்களாக மாறிப் பகடை உருட்டுவோம். நான் மந்திரவாதி. ஆண்டிமடத்துச் செல்வி பூசாரி.

கதையில் பொழுது விடிந்ததும் அன்றைக்கு வேண்டிய மந்திரங்களைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மறுபடி தூங்கி எழும்வரை மாற்ற முடியாது. நான் எடுத்ததெல்லாம் நெருப்பு மந்திரம்.

ஒரு ஞாயிறு, கதைக்குள் ஒரு சுரங்கத்தில் மாட்டிக்கொண்டோம். கதவு பூட்டியிருந்தது. தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. பூட்டைத் திறக்கும் மந்திரம் எனக்குத் தெரியும். ஆனால் காலையில் எடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை மாத்திக்கிறேன்டி."

"நெருப்பு போதும்னு நீதானே சொன்ன?" என்றாள் ரஹ்மத்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. செல்வி பக்கம் திரும்பிக் கத்தினேன். "நீ என்னத்தடி எடுத்துக் கிழிச்ச?"

"உயிரப் பிடிச்சு வைக்கிற மந்திரம். ஒரு ஆளுக்குத்தான் ஆகும்," என்றாள் செல்வி. "உனக்குன்னுதான் எடுத்தேன். நீ யோசிக்காம முன்னாடி ஓடுவல்ல?"

அதை என்மேல் போட்டாள். தண்ணீர் வடியும்வரை நான் பிழைத்திருந்தேன். அவளுடைய பூசாரி மூழ்கிப்போனாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. செல்வி எழுந்து, என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

வெறும் விளையாட்டுதான். ஆனாலும் இப்போதும் காலையில் பல் தேய்க்கும்போது, இன்றைக்கு யாருக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் பாதி நாட்கள் பழையபடி நெருப்பைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.