மாரிச்சாமிக்குக் கொடுத்த எய்ட்ஸ் மாத்திரை

"இந்த மாத்திரைய என் புருசனுக்கு எதுக்குக் குடுத்தீக?"

கவுண்டரில் மாத்திரை அட்டையை வீசிவிட்டுச் செல்வி கேட்டபோது வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பார்மசிஸ்ட்டாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். செல்வியின் கணவர் மாரிச்சாமி, ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அவள் பின்னால் தலையைக் குனிந்து நின்றார்.

அவர் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தது. அதே வைரஸால் ஈரல் புற்றுநோய் வந்துதான் அவருடைய அண்ணன் இறந்தார். இவர் ஈரலிலும் தழும்பு விழத் தொடங்கியதால் டாக்டர் லாமிவுடின் எழுதினார். எச்.ஐ.வி.க்கு வந்த மருந்து அது. இந்த வைரஸையும் அடக்கும் என்று தெரிந்ததும், குறைந்த அளவில் இதற்கும் கொடுத்தார்கள். வைரஸ் அடங்கினால் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும். ஊரில் யாரோ அட்டையைப் பார்த்து எய்ட்ஸ் மாத்திரை என்று கொளுத்திப் போட, செல்வி பிள்ளைகளோடு வெம்பக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாரிச்சாமி மானத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினால் வைரஸ் வேகமாகக் கிளம்பும். நியாயம் கேட்க அம்மா வீட்டிலிருந்து வந்து அவள் அவரை இழுத்துவந்த அன்று, அவர் கண்கள் மஞ்சளாகியிருந்தன.

இருவரையும் உள்ளே உட்கார வைத்தேன். மாரிச்சாமியிடம் கேட்டுக்கொண்டு, எச்.ஐ.வி. இல்லை என்ற ரிப்போர்ட்டைக் காட்டினேன்.

"ரிப்போர்ட்ட மாத்திக்கூடக் குடுப்பீக" என்றாள்.

இந்த மருந்து இரண்டு வைரஸையும் அடக்கும் என்றும், அவருக்கு இருப்பது பிறக்கும்போதே தாயிடமிருந்து அண்ணன் தம்பி இருவருக்கும் தொற்றியிருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. சூடு தணியட்டும் என்று வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"மத்தாப்பு செட்டுல, மருந்துக் கலவைக்குள்ள கம்பி முக்குதேன்."

"அந்தக் கலவையில என்ன போடுவாங்க?"

"அலுமினியப் பவுடரும் போடுவாக. அணுகுண்டு வெடியிலயும் அது போகும். அதுக்காக மத்தாப்பு குண்டாயிருமா?" என்றவள், சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு மாரிச்சாமி பக்கம் திரும்பினாள்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அன்றே அட்மிட் செய்து மருந்தைத் தொடங்கினார்கள். கண் வெளுக்கும்வரை எனக்கும் நிம்மதி இல்லை. செல்விக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதித்ததில் வைரஸ் இல்லை, தடுப்பூசி போட்டோம். அடுத்த ஸ்கேனில், "கட்டி ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொன்னதும், செல்வி என் கவுண்டருக்கே ஓடிவந்து சிரித்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு நோய்க்கு வந்த மருந்தை வேறொன்றுக்குக் கொடுத்தால், அதன் பழைய கதையையும் நாமே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தெரு சொல்லும்.

இந்த மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் செய்தித்தாளில் சுற்றித்தான் எல்லோரும் வாங்கிப் போவார்கள். ஸ்கேன் முடிந்த அன்றும் தாளை எடுத்தேன். செல்வி தடுத்தாள்.

"தாளு எதுக்குக்கா? சும்மா குடுங்க. கேக்கவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."