தயிரில் வெந்த கோழி

அழகம்மாவுக்குக் கோபம் மூக்கின் நுனியில். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணிக்கு முன்னால் அதைப் பாதி ஆயுள் அடக்கி வைத்திருந்தாள். எழுபத்தேழாம் வருஷத்து இனக் கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மகள் ஞானேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு வந்தவள், இனி யாருக்கும் அடங்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்தால் போதுமா? இங்கே குளத்து வயலெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுடையது. நாற்று நடப் போனாள். நடப் போன இடத்தில் மற்றவர்களுக்குத் தம்ளரில் வந்த தேத்தண்ணீர் அவளுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. குடித்தாள்.

சிரட்டை கொடுத்த வயல்காரி அன்னபாக்கியம்தான் ஐந்து வருஷம் கழித்து இன்றைக்கு மகன் யோகலிங்கத்தோடு பெண் கேட்டு வருகிறாள். ஞானேஸ்வரியைத் தவிர வேறொருத்தியைக் கட்டமாட்டேன் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றதால் வந்த வரவு. சம்மதித்து வருகிறாளா, முறித்துவிட்டுப் போக வருகிறாளா என்பது அவளுக்குத்தான் தெரியும். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த அழகம்மாவின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்கள், சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்து போனால் பேச்சு அதோடு முடிந்தது. ஞானேஸ்வரி விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"அவங்க மாதிரியே மிளகாய்த்தூளை வறுத்துப் போட்டுக் கறி வையிங்க. நம்ம இந்தியாக் கறியக் கண்டா மூஞ்சியச் சுளிப்பாங்க" என்று பக்கத்து வீட்டு வடிவம்மா வந்து புத்தி சொன்னாள்.

"என் வீட்டில என் கறிதான்" என்றாள் அழகம்மா.

எருமைத் தயிரின் ஏட்டோடு கோழியைப் பிசைந்து ஊற வைத்தாள். தேங்காய், கசகசா, மரமுந்திரிப் பருப்பு, சோம்பு எல்லாவற்றையும் அம்மியில் வெண்ணெய்போல் அரைத்தாள். மிளகாய் பேருக்குத்தான். கோழி வெந்து அரைத்ததும் சேர்ந்த பிறகு, கடைசியாக மிச்சத் தயிரை ஊற்ற வேண்டும். அங்கேதான் வில்லங்கம். சூடு கொஞ்சம் கூடினாலும் தயிர் திரிந்துவிடும். மண்சட்டியை இறக்கினாலும் அதன் சூடு விடாது. கை ஓயாமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும்.

தயிரை ஊற்றினாள். படலை திறந்த சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள்.

வாசலுக்குப் போகாவிட்டால் மரியாதைக் குறைவு. போனால் கறி போயிற்று. அழகம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் ஞானேஸ்வரியைத் தண்ணீரோடு அனுப்பினாள். பெண் கேட்டு வந்தவர்களைப் பெண்ணே வரவேற்கிற கூத்தும் நடந்தது. அன்னபாக்கியம் கதிரையில் உட்காரவில்லை, தண்ணீரைத் தொடவில்லை, நேரே குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்ன, வீட்டுக்காரிக்கு வெளியில வர நேரமில்லையோ?"

"மன்னிச்சுக்கங்கம்மா. கையெடுத்தா தயிர் திரிஞ்சு போயிரும்."

"கோழிக்குள்ள தயிரோ?" அன்னபாக்கியம் சட்டியை எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்குக் கரைச்ச பால்மா மாதிரிக் கிடக்கு."

அழகம்மா பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினாள். கறி திரியவில்லை.

இலை போட்டதும் யோகலிங்கம் உட்கார்ந்தான். தாய் உட்காரவில்லை.

"எனக்கு இண்டைக்கு விரதம்" என்றாள்.

புதன்கிழமையில் என்ன விரதமோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ஞானேஸ்வரியின் முகம் செத்துப் போயிற்று. மகனின் முறைப்பைக் கண்டு அன்னபாக்கியம் கொஞ்சம் இறங்கினாள்.

"ஒரு ஏனத்தில போட்டுத் தாரும். வீட்டை கொண்டுபோய் நாளைக்குச் சாப்பிடுறன்."

கொண்டுபோகிற கறி வீடு போய்ச் சேருமா, வாய்க்காலில் போகுமா, யார் கண்டது? சரிங்க என்று சொன்னால் கல்யாணம் ஒருவேளை நடக்கும். பிறகு காலம் முழுக்க அந்த வீட்டில் ஞானேஸ்வரிக்கும் சிரட்டைதான். அழகம்மாவுக்குப் பயமாக இருந்தது. சரிங்க என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஏனத்தில தரமாட்டேங்க" என்றாள். "கொண்டுபோய் நாய்க்கு ஊத்தினாலும் எனக்குத் தெரியவா போகுது? எம் மகளைக் கேட்டு வந்திருக்கீங்க. இந்த இலையில உக்காந்து சாப்பிடுங்க. இல்லேன்னா அவ எங்கூடவே இருந்துட்டுப் போகட்டும்."

"அம்மா!" என்று கதறினாள் ஞானேஸ்வரி.

அன்னபாக்கியம் மகன் பக்கம் திரும்பினாள். "எழும்படா, போவம்."

அவன் எழும்பவில்லை. "அம்மா, போன மாரியில இருந்து எனக்கு மத்தியானச் சாப்பாடு இங்கைதான். இந்தக் கையாலதான் உங்கட குசினிப் பானையிலயும் தண்ணி அள்ளுறன். உங்களுக்கு என்ன குறை வந்தது?"

அன்னபாக்கியத்துக்கு முகம் வெளிறியது. மகனைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"விரதமில்லை" என்றாள். "போடும்."

அழகம்மா போட்டாள். அன்னபாக்கியம் பிசைந்தாள், வாயில் வைத்தாள். அவள் விழுங்கும் வரைக்கும் மற்ற மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

"உறைப்புக் காணாது" என்றாள் அன்னபாக்கியம், தலையை நிமிர்த்தாமல். "எங்கட வீட்டை வந்து உம்மட மகள் இப்பிடிச் சமைச்சா ஒருத்தரும் தின்னமாட்டினம். நான்தான் பழக்கி எடுக்கவேணும்."

அழகம்மா அவள் இலையில் இன்னொரு அகப்பை ஊற்றினாள்.