வைமோனா நடந்து வர வேண்டிய சாலை

அகோசிதா பசிபிக் தீவு நாடான தொங்காவில் தேவாலயத்தை ஒட்டிய பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். இத்தனை வயதுவரை யாரையும் எதிர்த்துப் பேச வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை. அதைப் பொறுமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது வெறும் பழக்கம் என்பது, மகள் வைமோனாவின் பள்ளியில் ரத்தம் சோதித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது என்றாள் நர்ஸ். இப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். தினமும் நடக்கட்டும், எண்ணெய்ப் பண்டத்தையும் இனிப்புப் பானத்தையும் குறைக்கட்டும். அகோசிதாவின் கொழுந்தனுக்கு முதலில் விரல் போய், பிறகு காலே போயிருந்தது. அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் முதல் வைமோனா பள்ளியிலிருந்து நடந்து வர வேண்டும் என்று முடிவானது. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாலையில் நடப்பவரைக் கண்டும் நிறுத்தாமல் போக எந்தக் காருக்கும் மனசு வராது. முதல் நாள் மீன் வியாபாரி நிறுத்தினார், அடுத்த நாள் பாதிரியாரின் மனைவி. மறுப்பது மரியாதையில்லை என்பதால் வைமோனா ஏறிக்கொண்டாள். வருத்தத்தோடு ஏறியதாகச் சொல்ல முடியாது. அகோசிதாவின் கணவன் விலியாமி வீட்டில் ஏதோ சண்டை, பெண்ணைக் கூட்டிவரக்கூட ஆளில்லை என்று ஊர் பேச ஆரம்பித்தது.

பேச்சு தெலேசியாவின் காதுக்குப் போனது. அவள் விலியாமியின் அக்கா, வைமோனாவுக்கு அத்தை. தம்பி பிள்ளைகள் விஷயத்தில் அத்தை வைத்ததுதான் சட்டம். பெற்றவளுக்குக் குறுக்கே பேச இடமில்லை. திங்கட்கிழமையிலிருந்து அத்தையின் கார் பள்ளி வாசலில் நின்றது. பின்சீட்டில் துணி போட்டு மூடிய கெகே, எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, சூடு ஆறாமல் இருந்தது.

அகோசிதா கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றி அக்காவிடம் தம்பி வாய் திறக்க முடியுமா என்று அவன் பாயைப் பார்த்தபடி கேட்டான். முடியாதுதான். அவன் சொன்னது நியாயமாக இருந்தது அவளுக்கு மேலும் எரிச்சலைத் தந்தது. மகளைக் கண்டித்தாள்.

"நான் என்னம்மா பண்றது? அத்தை ஏறுன்னா ஏறணும். நீயே அவங்ககிட்ட சொல்லேன், பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' உறைத்தது. அத்தையின் சொல்லைத் தடுக்க முடியாது. ஆனால் அதையே தன் பக்கம் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றியது. அன்று சாயங்காலமே தெலேசியா வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் சொன்னா அவ கேக்கமாட்டா. நீங்க நடன்னு ஒரு வார்த்தை சொன்னா தட்டமாட்டா."

"எனக்குந்தான் சக்கரை இருக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்க சின்னத் தம்பிக்குக் கால் போச்சே அண்ணி."

தெலேசியா தன் காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "சரி, நடக்கட்டும். எவன் வண்டியை நிறுத்துறான்னு நான் பாக்குறேன்" என்றாள்.

அத்தை சொன்னால் சொன்னதுதான். ஒரு காரும் நிற்கவில்லை. வைமோனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றில் ஜெயித்துவிட்டதாக அகோசிதா நினைத்தாள். ஆனால் மகள் வீடு வந்து சேரும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போனது. வந்தவள் ராத்திரிச் சாப்பாட்டையும் தொடவில்லை. ஒரு நாள் அகோசிதா அவளைத் தேடிக்கொண்டு கிளம்பினாள்.

வைமோனா அத்தை வீட்டில் இருந்தாள். பாய் முழுக்கத் தேங்காய்ப்பாலில் வெந்த ஆட்டு நெஞ்செலும்பு, கிழங்கு, சர்க்கரை தாராளமாகப் போட்டுக் கலந்த தர்பூசணிப் பானம். நடக்கச் சொன்ன பாவத்துக்கு அத்தை தினமும் பரிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

"நடந்து நடந்து புள்ள துரும்பா எளைச்சிட்டா. வா, நீயும் உக்காரு."

அந்தப் பாயில் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அகோசிதா உட்கார்ந்தாள். மகளின் முன்னால் இருந்த பெரிய டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தாள். வைமோனா வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இம்புட்டுத் தாகத்தோடயா வந்த? சொல்லக்கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே தெலேசியா இரண்டு டம்ளர்களை நிரப்பி, ஒன்றை மகளுக்கும் ஒன்றைத் தாய்க்கும் வைத்தாள்.