பிரதானி ஆண்டகைக்கு ஒரு கடிதம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பவுசர் லொறியில் வந்த தண்ணீரைத் துணியில் வடித்துப் பிளாஸ்டிக் பரலில் நிரப்பியது. வியாழக்கிழமை. துணியை நான் பிடித்தேன், குழாயை அவர் பிடித்தார்.

"கையை ஆட்டாதை பிள்ளை. தண்ணி சோதிக்கிற உங்கட ஆய்வுகூடத்திலயும் இப்பிடித்தானோ?"

சனிக்கிழமை காலை மாரடைப்பு. வயது அறுபத்தேழு.

பெயர் மக்டலின். ஊர் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய். தொண்ணூறில் போருக்குத் தப்பி வள்ளமேறித் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போனார். நான் அங்கே பிறந்தேன். 2011இல் திரும்பினோம். வீடு இருந்த காணி கிடைத்தது, அதன் பின்துண்டு கிடைக்கவில்லை. அம்மாவின் கிணறு அந்தத் துண்டில் இருந்தது. சுற்றிலும் உப்புக் கிணறுகள். இது மட்டும் நல்ல தண்ணீர். கிணற்றுக்கு வடக்கே தரைப்படை முகாம், தெற்கே கடற்படை முகாம். இரண்டையும் பிரிக்கும் முட்கம்பி கிணற்றின் நடுவால் ஓடியது.

அம்மா தரைப்படைக்கு எழுதினார். பாதிக் கிணறு எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. கடற்படைக்கு எழுதினார். மற்றப் பாதி பற்றி அதே பதில். இரண்டும் உண்மைதான். வரைபடத்தில் நானே பார்த்தேன்.

"இந்த ரெண்டுக்கும் மேல ஆர் இருக்கிறது?"

"பாதுகாப்புப் படைகளின் பிரதானி. சீருடை போட்ட ஆக்களில அவருக்கு மேல ஒருத்தரும் இல்லை."

"அப்ப அவர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

"இல்லையம்மா. தரை, கடல், வான் எண்டு ஒவ்வொரு படைக்கும் தனித்தனித் தளபதி இருக்கினம். இவர் மூண்டு பேரையும் ஒரு மேசையில இருத்தி ஒத்துப்போக வைக்கிறவர்."

அம்மா சிரித்தார். "அது எனக்குத் தெரிஞ்ச உத்தியோகம்."

தெரிந்ததுதான். அவருக்கு மூன்று தம்பிமார், மூன்று வள்ளம். வலை இழுபறி ஒன்றில் மூவருக்கும் பேச்சு முறிந்திருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா மூவரையும் கூப்பிடுவார். சோறு ஆளுக்கொரு பீங்கானில். பொரித்த மீன் மட்டும் ஒரே தட்டத்தில், நடுவில். "மீனை இஞ்சால தள்ளு" என்பதுதான் பல வருடங்களில் அவர்கள் தங்களுக்குள் பேசிய ஒரே பேச்சு. அதை அம்மா வெற்றி என்றே எண்ணினார்.

கடிதத்தை அவரே எழுதினார். தட்டச்சுச் செய்து தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. அதுவரை அவர் கடிதம் எழுதிய பெரிய மனிதர் ஆயர் ஒருவர்தான். ஆகவே தொடக்கம்: 'அதிவந்தனைக்குரிய பிரதானி ஆண்டகை அவர்களுக்கு.' முடிவு: 'தங்கள் ஆசீரை வேண்டி நிற்கும் மகள் மக்டலின்.' தபாலில் சேர்த்த பிறகே எனக்குப் பிரதியைக் காட்டினார்.

மூத்த மாமா நீக்கிலாஸ் அதை வாங்கி வாசித்தார். "அக்கா, பிரதானி வந்தா ஆயர் மாதிரி உறுதிப்பூசுதலும் தருவாரோ?"

"உனக்கு ஆயர் தந்தது பலிக்கேல்லை. இன்னொருக்கா இவரிட்டக் கேட்டுப் பாப்பம்."

நான்கு மாதத்தில் பிரதானியின் கந்தோரிலிருந்து பதில் வந்தது. இரண்டு வரி. இரு முகாம்களின் அதிகாரிகளும் ஒன்றாகச் சென்று பார்த்து, ஒன்றாக அறிக்கை தர வேண்டும். கிணற்றைத் தருவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் சலித்துக்கொண்டேன். அம்மா பயறு வறுக்கத் தொடங்கினார்.

வந்தவர்கள் தரைப்படை மேஜர் ஒருவர், கடற்படை லெப்டினன்ட் கமாண்டர் ஒருவர். இருவரும் சம தரம். ஒருவருக்கு மற்றவர் கட்டளையிட முடியாது. தத்தம் வேலிக்குள் நின்று ஆளுக்குப் பாதிக் கிணற்றைப் பார்த்தார்கள். அம்மா எங்கள் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டார். நடுவில் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரே தட்டத்தில் பயற்றம் பணியாரம்.

"தம்பிமார், கம்பிக்கு மேலால பணியாரம் தரேலாது. சுத்தி வாங்கோ."

வந்தார்கள். கடற்படைக்காரருக்குத் தமிழ் ஓரளவு வரும். "அம்மா, ஆசீர் கேட்டது நீங்கதானே? கொழும்பில எல்லாரும் வாசிச்சாங்க."

"ஓம், கேட்டனான். தந்தவரோ?"

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். மேஜருக்குச் சிரிப்பில் புரையேறியது. அம்மா தண்ணீர் கொடுத்தார். பவுசர் தண்ணீர். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார். தங்கள் வேலியைப் பத்தடி பின்னுக்கு எடுக்கலாம் என்றார். தாங்களும் பத்தடி என்றார் மற்றவர்.

"வாளியோட ரெண்டு பேர் விலத்திப் போகவேணுமே, தம்பி."

பன்னிரண்டடி ஆயிற்று. அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மேஜர் பிடித்தார். தட்டத்தில் இன்னும் நான்கு பணியாரம் இருந்தது.

வேலி போன மாதம் நகர்ந்தது. சிப்பாய் ஒருவர் போத்தலில் மொண்டு தந்த தண்ணீரைச் சோதித்தேன். உப்பு மிகக் குறைவு, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். "இதுக்கு ஒரு பட்டப்படிப்போ? நாக்குப் போதும்" என்றார் அம்மா.

கிணற்றுக்குப் போகும் பாதைக்குப் புதுப் படலையும் பூட்டும் போட்டார்கள். திறப்பை, அந்தப் பூட்டின் ஒரே சாவியை, கிராம அலுவலர் கந்தோரில் காணிக்காரியான அம்மாவே நேரில் வந்து கையெழுத்திட்டு எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே போவோம் என்றேன்.

"திங்கள் போவம். சீலைக்குச் சட்டை தைக்கக் குடுத்திருக்கிறன். திறப்போட ஒரு படம் எடுத்துப் பிரதானிக்கு அனுப்பவேணும்."

திங்கட்கிழமை அவரை அடக்கம் செய்தோம். திறப்பு கந்தோரில் இருக்கிறது.