ஏலக்காய் போடாத பாட்டில்

ஏலக்காயில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று சோதிக்கிற என் மேசை ஓரத்தில் ஒரு வெறும் பாட்டில் நிற்கிறது. ஏலக்காய் போட்ட பாட்டில்களுக்குச் செய்கிற அத்தனை உபசாரமும் இதற்கும் உண்டு. அதே கரைப்பான், அதே குலுக்கல், அதே வடிகட்டல், அதே இயந்திரம். ஏலக்காய் மட்டும் கிடையாது. இதில் பூச்சிமருந்து தென்பட்டால் அது தோட்டத்திலிருந்து வந்ததல்ல, ஆய்வகத்தில் நாமே ஒட்டவிட்டது. இதைப் பார்க்கும்போதெல்லாம் பழனிசெட்டிபட்டியில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த சின்ன ஆய்வகமும், அங்கே தரக் கட்டுப்பாடு பார்த்த அக்காவும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள்.

உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பூ, வளையல் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றச் சொல்வார். முகத்தில் பவுடர் தெரிந்தால் போச்சு, கழுவிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வெறும் பாட்டிலை அவர் பார்த்துக்கொள்ளும் அழகைக் கண்டு, "அதுக்குச் சோறு ஊட்டித் தாலாட்டும் பாடுவாக போல" என்று நாங்கள் கேலி பேசுவோம். "சிரிங்கடி, ஒருநாள் இல்ல ஒருநாள் அது வாயத் திறக்கும்" என்பார்.

திறந்தது. ஆயுத பூசை முடிந்த கையோடு மேகமலை விவசாயி ஒருவருடைய ஏலக்காய் சோதனைக்கு வந்தது. மருந்தே அடிக்காத காய் என்று சொல்லி வியாபாரியிடம் விலை பேசிவைத்திருந்தார். எங்கள் அறிக்கை மாறினால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும், அவர் பேரும் கெட்டுவிடும். இயந்திரம் வரைந்த கோட்டில் பூச்சிமருந்துக்கான மேடு எழுந்து நின்றது. முதலாளி அவசரப்பட்டு விவசாயிக்குப் போனும் போட்டுவிட்டார். "எல்லாரும் அடிக்கலைன்னுதான் சொல்லுவாக" என்றேன் நான். அக்கா இன்னொரு கோட்டைக் காட்டினார். வெறும் பாட்டிலிலும் அதே மேடு!

மருந்து எங்கே ஒளிந்திருக்கிறது? கரைப்பானை மாற்றினோம், பாட்டில்களை மாற்றினோம். மேடு அசையவில்லை. பிறகு அக்கா சுத்தமான பஞ்சால் ஜன்னல், மிக்ஸி, தராசு, ஸ்டூல் என்று இடம் இடமாகத் துடைத்து, ஒவ்வொரு பஞ்சையும் தனியாகச் சோதித்தார். ஜன்னலில் ஒன்றுமில்லை. மிக்ஸியிலும் இல்லை. தராசு முன்னால் கிடக்கும் ஸ்டூலின் விளிம்பைத் துடைத்த பஞ்சில்தான் மேடு பிய்த்துக்கொண்டு ஏறியது. குனிந்து பார்த்தேன். தராசு மேசையின் கால்களைச் சுற்றி வெள்ளைக் கோடு. எறும்புச் சாக்பீஸ்! அதில் இருப்பதும் அதே பூச்சிமருந்துதான்.

பூசைக்குத் தராசுக்கும் பொட்டு வைத்து, முன்னால் பொரியும் சர்க்கரையும் படைத்திருந்தோம். எறும்பு வராமல் என்ன செய்யும்? கோடு போட்டது யார் என்று கேட்கத் திரும்பினேன். அக்கா முகம் வெளுத்திருந்தது.

"நான்தான்டி. அடுப்படியில போடுற பழக்கத்துல இங்கனயும் போட்டுட்டேன். அந்தக் கையோடயே ஸ்டூலை இழுத்தேன். அப்புறம் கையக் கழுவி, கையுறை மாட்டி, அதே ஸ்டூலைத் தொட்டுட்டுக் காயையும் வெறும் பாட்டிலையும் எடுத்துருக்கேன்."

"விடுங்கக்கா, துடைச்சுட்டுத் திரும்பச் செஞ்சிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பா!

அதற்குள் அந்த விவசாயி மலையிறங்கி வந்துவிட்டார். "தாயி, என் பிள்ளைக மேல சத்தியமா நான் மருந்தத் தொடலை. அப்ப அந்த விஷம் யாருது?"

"என்னுதுய்யா" என்றார் அக்கா.

முதலாளி உட்பட அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். சீல் வைத்திருந்த மீதிக் காயை, ஸ்டூலையும் மேசையையும் கழுவிய பிறகு, விவசாயியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே திரும்பச் சோதித்தோம். கோடு தரையோடு தரையாக ஓடியது. அடுத்த வருசமும் அவர் எங்களிடமே வந்தார். உள்ளே நுழையும்போதே, "அந்தத் தாயி இருக்காகளா?" என்றுதான் கேட்டார்.

இப்போது பெரிய ஆய்வகம், பெரிய இயந்திரம், தரக் கட்டுப்பாட்டுக்கு நானே பொறுப்பு. இன்று காலை, இந்த வெறும் பாட்டிலின் கோட்டில் சின்னதாக ஒரு மேடு. யாரையும் கூப்பிடவில்லை. முதலில் என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.