டிபன் மூடியில் வரைந்த வட்டம்

பாப்பு,

நீ வேலைக்குப் போன அதே கம்பெனி பஸ்ஸில்தான் இன்றைக்கும் தாம்பரத்தில் ஏறினேன். உன் கம்பெனி கேன்டீன் வேலையை அம்மா இன்னும் விடவில்லை.

உன் உயிரை எடுத்த அந்த மிஷினுக்குத் தடுப்பு போடச் சொல்லி எழுதிய மனு என் பையில் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்களிடம் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

"மொதல்ல யார் பேர் கீதோ அவங்களத்தான்கா வேலைய விட்டுத் தூக்குவாங்க," என்றாள் பக்கத்து சீட் மேரி.

மனுவின் அடியில் டிபன் மூடியை வைத்து வட்டம் வரைந்தேன். "இதைச் சுத்திக் கையெழுத்துப் போடுங்க. மொதல் எது, கடைசி எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"இன்னாக்கா, கோலம் போடச் சொல்றியா?" என்று கேட்டுக்கொண்டே மேரி கையெழுத்துப் போட்டாள்.

முன் சீட்டில் சூப்பர்வைசர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்துவிடாதபடி மனுவைச் சத்தமில்லாமல் கைமாற்றினோம். சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் பதினோரு பேர் போட்டுவிட்டார்கள்.

உன் மிஷினில் இப்போது நிற்கும் திவ்யா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"வேலை போயிடும் ஆன்ட்டி. அந்த மிஷின்கிட்ட நிக்கவும் பயமாத்தான் இருக்கு. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் அம்மாவிடம் நான் சொல்வதா, வேண்டாமா? பாப்புவிடம் பதில் கேட்க முடியாது; இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களாவது சொல்லுங்கள்.

பாப்பு, நீயும் யாரிடமாவது இப்படிச் சொல்லி வைத்திருந்தாயா?