அடுத்த வீட்டுக் கருவாடு

காரிமங்கலம் சந்தையில் சொரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலம் விற்பார் ஒருவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. வந்தவர் தோலை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. ஊதா நிறத் தைலப் புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அதைத்தான் பார்ப்பார். பார்த்தபடியே, "என்ன தின்ன?" என்பார். குணமானால் தைலத்தின் பெருமை, ஆகாவிட்டால் கத்தரிக்காயின் குற்றம். தோற்கவே வழியில்லாத வைத்தியம்!

அன்று ஒரு அம்மா வெடித்துப்போன உள்ளங்கைகளை நீட்டினார். "ஆறு மாசமா தடவறேனுங்க. இந்தக் கையோட போனா புளி தட்டிக் கொட்டை எடுக்கற வேலைக்குச் சேத்திக்க மாட்டேங்கறாங்க."

"கத்தரிக்கா தின்னியா?"

"இல்லீங்க."

"கருவாடு?"

"அதைத் தொட்டே மாசக்கணக்கா ஆச்சுங்க. உப்பில்லாத கஞ்சிதான்."

அவர் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பக்கத்து வூட்டுல வறுத்தாங்களா?"

"வறுத்தாங்க."

"அதான! அந்தப் பொகை போதுமே."

ஆடத் தெரியாதவளுக்குச் சொந்தக் கூடம்தான் கோணல். இவருக்கு அடுத்த வீட்டுக் கூடமும் கோணல்.

அந்த அம்மா மீதித் தைலத்தை அவர் முன்னால் வைத்தார். "தின்னவ பக்கத்து வூட்டுக்காரிதானுங்களே, அவளுக்கே தடவுங்க. நான் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கமே இல்லாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு புட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து, அடுத்து நின்றவரிடம், "நீ என்ன தின்ன?" என்றார்.

சற்றுமுன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த அந்த ஆள், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கத்தரிக்காதானுங்க."